முப்பத்தொன்பது வயதில் ஜூனியர்

லிஃப்ட்காரர் என்று கேட்டால்தான் அவர் வீட்டைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரே ஒரு நிமிஷம் யோசிப்பார். பதினாறு வருஷம் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் காது முதலில் போவது மோட்டார் சத்தத்துக்குத்தான். விருந்துக்குப் போன இடத்தில்கூட, "உங்க லிஃப்ட்ல கதவு மூடுறப்ப ஒரு இழுவை இருக்கே, கவனிச்சீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார். மனைவி முழங்கையால் ஒரு இடி கொடுத்தால்தான் நிறுத்துவார்.

அந்த மனிதர் முப்பத்தேழாவது வயதில் ஒரு லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். பெரிய ஆழம் ஒன்றுமில்லை, ஓர் ஆள் உயரம்தான். ஏணியின் கடைசிப் படி வழுக்கிவிட்டது. வலது முட்டி போயிற்று. ஆபரேஷன், நாலு மாதம் படுக்கை, அப்புறம் கொஞ்ச நாள் கைத்தடி. நடக்க முடிந்தது. ஏணி மட்டும் ஏற முடியவில்லை. கம்பெனி அவரைக் கைவிடாமல், புகார் பிரிவில் ஒரு நாற்காலியும் இரண்டு தொலைபேசியும் தடியாக ஒரு நோட்டும் கொடுத்து உட்கார வைத்தது.

உட்கார்ந்த முதல் வாரமே அந்த நோட்டு அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது. ஒரே கட்டடத்திலிருந்து ஒரே புகார் மாதத்துக்கு மூன்று முறை வரும். மூன்று முறையும் வேறு வேறு மெக்கானிக் போவார்கள். முன்னால் போனவர் என்ன செய்தார் என்று அடுத்து போகிறவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் அறுபது பக்கம் புரட்ட வேண்டும். அதிலும் பாதி கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். கட்டடத்தின் பெயரைத் தட்டினால் அதன் பழைய கதை முழுக்க வந்து நிற்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. யாரிடமோ கேட்டார். "அதுக்கு வெப் டெவலப்பர் யாரையாவது பிடிக்கணும்" என்றார்கள். யாரைப் பிடிப்பது என்று தெரியாததால் தானே கற்றுக்கொள்ளலாம் என்று இறங்கினார்.

மதிய இடைவேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில், சனிக்கிழமை முழுக்க நூலகத்தில். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பாடங்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு கோட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, திரும்பத் தட்டிப் பார்த்தார். ஐந்தாவது சனிக்கிழமை திரையில் ஒரு சாம்பல் நிறப் பட்டன் வந்தது. அதை அழுத்தினால் "லிஃப்ட் வருகிறது" என்று ஒரு வரி தோன்ற வேண்டும். அழுத்தினார். தோன்றியது. மறுபடி அழுத்தினார். முப்பது தடவையாவது அழுத்தியிருப்பார். பக்கத்து இருக்கையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தாளை மடக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். "வந்துடுச்சுங்க" என்றார் லிஃப்ட்காரர். பெரியவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "எங்க?" என்றார்.

ஆறு மாதத்தில் புகார் நோட்டு மேசை டிராயருக்குள் போயிற்று. அதன் இடத்தில் மஞ்சள் பின்னணியும் பச்சை எழுத்துமாகக் கண்ணைக் குத்துகிற ஒரு பக்கம் வந்தது. அழகு கிடையாது, ஆனால் வேலை செய்தது. மெக்கானிக்குகள் முதலில் முணுமுணுத்தார்கள். அப்புறம், "அண்ணே, அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்குப் போன தடவை யாரு போனா பாருங்க" என்று அவர்களே கேட்க ஆரம்பித்தார்கள்.

அடுத்தது மனைவி வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடைக்கு ஒரு இணையதளம். கண் பரிசோதனைக்கு நேரம் குறித்துக்கொள்ளலாம், ஃப்ரேம்களின் படம் பார்க்கலாம். கடை முதலாளியம்மாவிடம் மனைவிதான் பேசி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். முடித்து, லேப்டாப்பில் காட்டியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். மனைவி தன் போனில் திறந்து பார்த்தாள்.

"என்னங்க, நேரம் குறிக்கிற பட்டன் எங்க?"

"கீழ இருக்கு பாரு."

"கீழயும் இல்ல, மேலயும் இல்ல. போனுக்கு வெளியில போயிடுச்சு. அதோட எழுத்து இவ்ளோ பொடிசா இருக்கு. கண்ணு தெரியாதவங்கதானே எங்க கடைக்கு வருவாங்க?"

அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அடுத்த இரண்டு வாரம் எழுத்தைப் பெரிதாக்கி, பட்டனைப் போனுக்குள் இழுத்துப் போட்டு, கடைக்கு வந்த வயதானவர்களிடம் போனைக் கொடுத்து அழுத்தச் சொல்லிப் பார்த்து, திருத்தி முடித்தார். அதற்குப் பிறகுதான் அவர் மனதில் அந்த ஆசை வந்து உட்கார்ந்தது. இதையே வேலையாகப் பார்த்தால் என்ன?

மச்சானிடம் சொன்னபோது அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் கார் விற்கிற ஷோரூமில் இருக்கிறவன், எதையும் மறைத்துப் பேசத் தெரியாது. "மாமா, ஜூனியர் வேலைக்கெல்லாம் இருபத்திரண்டு வயசுப் பசங்களத்தான் எடுப்பாங்க. நீங்க போய் உக்காந்தா இன்டர்வியூ எடுக்க வந்தவருன்னு நெனச்சு டீ கொடுத்துடப் போறாங்க."

"டீ கொடுத்தா குடிச்சுட்டு வர்றேன்" என்றார் இவர்.

விண்ணப்பம் போட ஆரம்பித்தார். ஜூனியர் வேலைதான், ஆனால் விளம்பரத்தில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும் என்று இருக்கும். சிலர் பதில் போட்டார்கள், பலர் போடவில்லை. ஒரு கம்பெனி போனில் பேசி, வயதைக் கேட்டதும், "சரிங்க, சொல்றோம்" என்று வைத்துவிட்டது. நாற்பத்து மூன்றாவது விண்ணப்பத்துக்கு ஒரு மெயில் வந்தது. விளையாட்டு மைதானங்களுக்கும் நீச்சல் குளங்களுக்கும் முன்பதிவுப் பக்கங்கள் செய்து கொடுக்கிற சின்ன கம்பெனி. பதினோரு பேர். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

அவர் அந்த மெயிலை மூன்று தடவை படித்தார். அப்புறம் மகளைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னார். பன்னிரண்டு வயது மகள் படித்துவிட்டு, "அப்பா, வாழ்த்துகள்னு எங்கயும் இல்லையே" என்றாள்.

"வரச் சொல்லியிருக்காங்கல்ல, அதுவே வாழ்த்துதான்."

செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்காலுக்கே போய்விட்டார். சோபாக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஆபீஸ். லிஃப்ட்டில் ஏறினார். கதவு திறந்ததும் வெளியே காலை வைத்தவர் அப்படியே நின்றார். லிஃப்ட்டின் தரை, மாடித் தரையைவிட அரை இஞ்ச் கீழே நின்றிருந்தது. இன்டர்வியூவுக்கு வந்திருக்கிறோம் என்பது ஒரு நொடி மறந்துபோயிற்று. இஸ்திரி போட்ட சட்டையும் பளபளவென்ற ஷூவுமாக, வலிக்கிற முட்டியை மடக்க முடியாமல் மடக்கிக் குனிந்து, விரலால் அந்த இடைவெளியை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு ஓர் இளம்பெண் வந்தாள்.

"ஏதாவது விழுந்துடுச்சாங்க?"

"இல்லீங்க. லிஃப்ட் அரை இஞ்ச் கீழ நிக்குது. யாராவது தடுக்கி விழுவாங்க."

"நேத்து நான்தான் விழுந்தேன்" என்றாள் அவள். "காபியோட."

அவள்தான் டீம் லீட். வயது இருபத்தாறு இருக்கும். உள்ளே கண்ணாடி அறையில் இன்னொருவர் இருந்தார், கம்பெனியை நடத்துகிறவர். ஒல்லியான மனிதர், கேள்வியைவிட மௌனம்தான் அதிகம். கண்ணாடிக் கடை இணையதளத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். எழுத்து ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டார்கள். மனைவி திட்டிய கதையைச் சொன்னார். ஒல்லியானவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு டீம் லீட் ஒரு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "இது ஒரு மைதானத்துக்கான முன்பதிவுப் பக்கம். பயிற்சிக்காக நாங்களே ஒரு தப்பு வச்சிருக்கோம். நாற்பது நிமிஷம். எங்க தப்புன்னு கண்டுபிடிங்க. யோசிக்கிறத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க."

அவர் லேப்டாப்பை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பின்னாலிருக்கும் புரோகிராம் கோடைத் திறக்காமல் முதலில் பக்கத்தைத்தான் பார்த்தார். "மொதல்ல தப்பு என் கண்ணு முன்னாடி நடக்கணும். அப்புறம்தான் திறப்பேன்" என்றார். நேரப் பட்டியலைத் திறந்து, ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து "பதிவு செய்" பட்டனை அழுத்தினார். ஒரு பதிவு விழுந்தது. பட்டியலை மூடித் திறந்து மறுபடி அழுத்தினார். இரண்டு பதிவு விழுந்தது. மூன்றாம் தடவை மூன்று. "ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூடிக்கிட்டே போகுது. எதுவோ சேர்ந்துக்கிட்டே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கோடுக்குள் போனார்.

போனவர் வெளியே வரவில்லை. ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்பு, அதிலிருந்து மூன்றாவது. கண் பார்க்கிறது, மூளை வாங்கவில்லை. நாற்பது நிமிஷம் முடிந்தபோது அவர் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தார். "பரவாயில்லீங்க" என்றாள் டீம் லீட். அது அவருக்குப் போனில் கேட்ட "சரிங்க, சொல்றோம்" மாதிரியே இருந்தது. கை கொடுத்துவிட்டு, மாடிப்படி வழியாகவே இறங்கினார். முட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை சொன்னது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனைவிக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டிய ஒருவர் மணி அடிக்கிற பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. பின்னாலிருந்த ஓர் அம்மா அது தெரியாமல் தானும் அழுத்தினாள். மறுபடி அடித்தது. லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரே பொத்தானுக்கு இரண்டு மணியை மாட்டிவிட்டால்? ஒரு மெக்கானிக் வந்து புது மணி மாட்டுகிறான், பழையதைக் கழற்றாமல் போகிறான். அடுத்தவன் வந்து இன்னொன்று மாட்டுகிறான். அப்புறம் ஒரு தடவை அழுத்தினால் மூன்று மணியும் சேர்ந்து அடிக்கத்தானே செய்யும். பட்டியலைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பட்டனுக்குப் புதிதாக ஒரு வேலை மாட்டப்படுகிறது. பழையதை யாரும் கழற்றவில்லை. அவர் பார்த்த இரண்டாவது கோப்பில், நடுவில், அந்த வரி இருந்தது. கண்ணால் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தார்.

போனை எடுத்து மெயில் அடிக்க ஆரம்பித்தார். பஸ் குலுங்கக் குலுங்க, பெருவிரலால். மணி உதாரணத்தையும் எழுதினார், எந்தக் கோப்பு, சுமாராக எந்த இடம் என்பதையும் எழுதினார். "நேரம் முடிந்துவிட்டது என்று தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை" என்று முடித்து அனுப்பினார். நிமிர்ந்து பார்த்தால் அவர் இறங்க வேண்டிய இடம் போய் மூன்று நிறுத்தம் ஆகியிருந்தது. இறங்கித் திரும்பி நடந்தார். வேலை கிடைக்குமோ கிடைக்காதோ, கண்டுபிடித்தாயிற்று என்ற சந்தோஷத்தில் நடை என்னவோ வேகமாகத்தான் இருந்தது.

பதில் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. மச்சான் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தான். அவன் அப்படி இருந்ததுதான் இவருக்குச் சங்கடமாக இருந்தது. பத்தாம் நாள், புகார் பிரிவில் இரண்டு தொலைபேசியும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், சட்டைப் பையிலிருந்த சொந்தப் போனும் அடித்தது. பழக்க தோஷம்.

"வணக்கம், லிஃப்ட் புகார் பிரிவு. எந்தக் கட்டடங்க?"

"சோபாக் கடைக்கு மேல, மூணாவது மாடி" என்றது டீம் லீடின் குரல். "லிஃப்ட் இன்னும் அரை இஞ்ச் கீழதான் நிக்குது. ஆனா அதுக்காகக் கூப்பிடல."

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"உண்மையச் சொல்லிடுறேன்" என்றாள். "மொதல்ல வேற ஒருத்தரத்தான் எடுத்தோம். அவரு வேற எடத்துக்குப் போறேன்னு நேத்து சொல்லிட்டாரு. அடுத்து யாருன்னு நாங்க யோசிக்க வேண்டியதே வரல. உங்க மெயில்ல எழுத்துப்பிழை ஒம்பது இருந்துச்சு. சொன்ன காரணம் மட்டும் அச்சுப் பிசகாம சரியா இருந்துச்சு. ஜூனியர் வெப் டெவலப்பர் வேலை, மூணு மாசம் பாத்துட்டு நிரந்தரம். உங்களுக்குச் சம்மதமா?"

"இங்க கொஞ்சம் சத்தமா இருக்குங்க. திரும்ப ஒரு தடவை சொல்ல முடியுமா?"

அந்த நேரம் பார்த்து இரண்டு தொலைபேசியும் ஓய்ந்திருந்தன. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் முதலிலிருந்து, நிறுத்தி நிதானமாக, இன்னொரு தடவை சொன்னாள்.

மேற்பார்வையாளரிடம் அரை நாள் விடுப்பு கேட்டு நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்றிருந்தது. கடையில் அவள் ஒரு வாடிக்கையாளருக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தாள். அவர் கதவோரம் நின்றார்.

"இதுல நல்லா தெரியுதா, இல்ல அதுல நல்லா தெரியுதா?" என்று சுவரிலிருந்த எழுத்துப் பலகையைக் காட்டி, லென்ஸை மாற்றிக்கொண்டே கேட்டவள், தலையைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். கை நின்றது.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார் வாடிக்கையாளர்.

"கிடைச்சுடுச்சா?" என்றாள் மனைவி.

"கிடைச்சுடுச்சு" என்றார் லிஃப்ட்காரர்.

"எது, கடைசி வரியா?" என்று கேட்டார் வாடிக்கையாளர். கண்ணில் கனமான சோதனை ஃப்ரேமை மாட்டியிருந்ததால் அவருக்கு யாரையும் சரியாகத் தெரியவில்லை. மனைவி சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பினூடே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன விஷயம் என்று தெரிந்ததும் அந்த வாடிக்கையாளர் எழுந்து வந்து, ஃப்ரேமைக் கழற்றாமலே, தோராயமாக ஒரு திசையில் கையை நீட்டி வாழ்த்துச் சொன்னார். லிஃப்ட்காரர் அந்தக் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார்.

மாலையில் மச்சான் வந்தான். செய்தியை முழுக்கக் கேட்டான். அப்புறம், "டீ கொடுத்தாங்களா மாமா?" என்றான்.

"கொடுக்கல. அதனாலதான் வேலைய வாங்கிட்டு வந்தேன்."

மச்சான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். விடுகிறவனாகத் தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தார். முதல் சிக்கல் கோடில் வரவில்லை, கூப்பிடுவதில் வந்தது. அவரைவிடப் பதின்மூன்று வயது சின்னவள் அவருக்கு மேலே. "மேடம்" என்றார். "மேடம்னா எனக்கு எங்க பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் ஞாபகம் வருது, வேணாம்" என்றாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட அவருக்கு நாக்கு வரவில்லை. ஆபீஸில் எல்லோரும் அவரை அரை நாளில் "அண்ணா" ஆக்கிவிட்டார்கள். இவர் மட்டும் அவளை எப்படியும் கூப்பிடாமல், "இங்க ஒரு நிமிஷம் பாக்குறீங்களா" என்றே முதல் வாரத்தை ஓட்டினார்.

முதல் வேலை வியாழக்கிழமை வந்தது. ஒரு நீச்சல் குளத்தில் பிள்ளைகளை வகுப்பில் சேர்க்கிற பக்கம். ஒரு தாய் புகார் எழுதியிருந்தாள். மகனின் பெயரில் கடைசிப் பகுதி ஒரே ஓர் எழுத்து, அப்பா பெயரின் முதலெழுத்து. பக்கம் அதை ஏற்க மறுக்கிறது. "பெயர் இரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது" என்று சிவப்பில் திட்டுகிறது.

படித்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் பெயரும் அப்படித்தான், மகள் பெயரும் அப்படித்தான். வீட்டில் உள்ள அத்தனை பேரையும் அந்தப் பக்கம் வாசலிலேயே நிறுத்தி வைத்துவிடும். அரை மணி நேரத்தில் அந்த விதியைக் கண்டுபிடித்து, இரண்டை ஒன்றாக மாற்றி, பார்வைக்கு அனுப்பினார். டீம் லீட் திருப்பி அனுப்பினாள். "வெறும் இடைவெளி ஒண்ணு தட்டினாலும் இப்ப ஏத்துக்குதே?" தட்டிப் பார்த்தார். ஏற்றுக்கொண்டது. தலையில் அடித்துக்கொண்டு திருத்தினார். இரண்டாவது தடவையும் ஒரு குறை வந்தது. மூன்றாவது தடவை அவள் எழுந்தே வந்தாள்.

"அண்ணா, சரியா இருக்கு. நீங்களே வெளியிடுங்க."

"நானா?"

"நீங்கதானே எழுதுனீங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அழுத்தினார். ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்து முடிந்தது. அவ்வளவுதான். யாரும் கை தட்டவில்லை. எதிர் மேசையில் ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் லிஃப்ட்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்கோ யாரோ ஒரு தாய் இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால், அவர் எழுதிய வரி அவளுக்கு வழி விடும்.

வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் காட்டினார். மனைவி எழுத்தின் அளவு பரவாயில்லை என்றாள், அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு. மகள் போனை வாங்கி, "என் பேரு போகுதான்னு பாக்குறேன்" என்று கடகடவென்று தட்டினாள். ஓர் எழுத்துக் கடைசிப் பெயரோடு, வயது, சனிக்கிழமை வகுப்பு, எல்லாம் நிரப்பி அழுத்தினாள். பச்சையில் வந்தது: உங்கள் பதிவு உறுதி செய்யப்பட்டது.

"போயிடுச்சுப்பா!"

"எது போயிடுச்சு?" லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. "அது நெஜப் பக்கம்டி. நீ நெஜமாவே சேர்ந்துட்ட."

மறுநாள் காலை அவர் வாயைத் திறக்கும் முன்பே டீம் லீட் கேட்டாள். "நேத்து சாயந்திரம் அந்தக் குளத்துல ஒரு புதுப் பதிவு. கடைசிப் பேரு உங்க எழுத்து. உங்க பொண்ணா?"

"ஆமாங்க. தெரியாமப் பண்ணிட்டா. ரத்து செய்ய வழி இருக்குங்களா?"

"இருக்கு. நீச்சல் தெரியுமா அவளுக்கு?"

"தெரியாதுங்க."

"அப்ப போகட்டுமே" என்றாள்.

சனிக்கிழமை அவர் நூலகத்துக்குப் போகவில்லை. குளத்தின் ஓரத்தில் நனைந்த பெஞ்சில் உட்கார்ந்து, மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் இருந்த ஊழியர் பெயர்ப்பட்டியலோடு வந்து, பெஞ்சில் இருந்தவர்களிடம் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சரிபார்த்தார். இவர் முறை வந்தது.

"நீங்க இந்தப் பொண்ணோட அப்பாவா? என்ன வேலை பாக்குறீங்க? பட்டியல்ல அப்பா வேலைன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு."

லிஃப்ட்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "வெப் டெவலப்பர்" என்றார். சொல்லிவிட்டு, ஊழியர் அதை எழுதி முடிக்கும் வரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.